பச்சை விழுந்த ஒரே நாள்

பிப்ரவரி 3

சகலைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று காலை எங்கள் இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மேலே என் பெயர். கீழே எண்பத்தொன்பது சிவப்புக் கட்டம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘சந்தேகத்துக்குரியது. அளவீடு நடந்ததாகத் தெரியவில்லை.’ யார் எழுதியது என்று கேட்டேன். “உங்க சகலையோட புரோகிராம்தான்” என்றார். அந்த ஆளுக்குச் சிரிப்பு வேறு.

பத்தொன்பது வருடமாக விதை எண்ணிப் பிழைக்கிறவன் நான். இந்த மர விதைச் சோதனைக்கு மட்டும் தொண்ணூறு நாள், நாளுக்குத் தொண்ணூற்றாறு தட்டு, தட்டுக்கு ஐம்பது விதை. எத்தனை முளைத்தது என்று தினமும் குனிந்து பார்த்துப் பார்த்து முதுகு போனதுதான் மிச்சம். நீ தலைமை ஆராய்ச்சி நிலையத்தில் சொகுசாக உட்கார்ந்து ஒரு புரோகிராமை ஏவிவிட்டாய். நான் எண்ணவே இல்லையாம், எண்களை இட்டுக்கட்டினேனாம்.

அதையும் எதில் எழுதியிருக்கிறாய்? உன் பிளாக்செயினில். நாங்கள் இங்கே சங்கிலி என்கிறோம். நான்கு நிலையங்களின் கணினியிலும் ஒரே நேரத்தில் ஏறும், ஏறியதை எவராலும் அழிக்க முடியாது என்று இரண்டு வருடம் முன்னால் நீதான் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தாய். கடைசி வரிசையில் உட்கார்ந்து பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவனிடம் என் சகலை என்று சொல்லிக்கொண்டேன் வேறு.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மார்ச் பத்தாம் தேதி விசாரணை. அதற்குள் அந்தச் சிவப்பை எடு.

இதை ஏன் தாளில் எழுதுகிறேன் தெரியுமா? உன் இயந்திரத்தில் எழுதுவதெல்லாம் சாகாவரம் வாங்கிவிடுகிறது. இதையாவது நாளைக்குக் கிழித்துப் போடலாம்.

மூத்த சகலை


பிப்ரவரி 8

மரியாதைக்குரிய மூத்த சகலை அவர்களுக்கு,

அலுவலக விஷயத்தை வீட்டுக் கடிதமாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே பதில் எழுதுகிறேன். அக்காவும் தங்கையும் கேட்டுக்கொண்டிருக்க, நாம் போனில் கத்திக்கொள்வதைவிட இது மேல்.

சிவப்பை எடுக்க முடியாது. மாட்டேன் என்று சொல்லவில்லை, முடியாது. என்னாலும் முடியாது, இயக்குநராலும் முடியாது. அதற்காகத்தான் அதைக் கட்டினோம். முன்பு ஒருவர் தனக்குப் பிடிக்காத எண்களையெல்லாம் ரப்பரால் அழித்துவிட்டுக் கட்டுரை எழுதினார். அது வெளியே வர ஏழு வருடம் ஆனது. அந்தக் கட்டுரையை நம்பி நட்ட கன்றுகள் அத்தனையும் பட்டுப்போயின. உங்களுக்கும் தெரிந்த கதைதான். உங்கள் தரப்பை நீங்கள் நிரூபித்தால் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு திருத்தம் சேர்க்கலாம். சிவப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும்.

ஆனால் எதை நிரூபிப்பீர்கள்? தினமும் உங்கள் தொண்ணூற்றாறு பதிவும் பதினொரு நிமிடத்தில் முடிகிறது. தட்டுக்கு ஏழு விநாடி. ஏழு விநாடியில் ஐம்பது விதையைப் பார்த்து எண்ணுகிறவரை சர்க்கஸில் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. அக்டோபர் 15 அன்று பதினேழு தட்டுகளில் முளை, முந்தின நாளைவிடக் குறைந்திருக்கிறது. முளைத்த விதை வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டதா?

தொண்ணூறு நாளில் ஒரே ஒரு நாள் பச்சை விழுந்திருக்கிறது. அக்டோபர் 14. அன்றைக்குக் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு பதிவு, மணி அடித்த மாதிரி. ஆக, ஒழுங்காக வேலை செய்ய உங்களுக்குத் தெரியாமல் இல்லை.

இதில் சொந்தபந்தம் பார்க்க முடியாது. மன்னிக்கவும்.

இளைய சகலை


பிப்ரவரி 13

சகலைக்கு,

‘மன்னிக்கவும்’ என்று கடைசியில் ஒட்டியிருக்கிறாய் பார், அதற்குத்தான் எனக்குக் கோபமே அதிகம்.

விதைத் தட்டுகள் இருக்கிற முளைப்பறைக்குள் நீ ஒரே ஒரு முறை வந்திருக்கிறாய். மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு நிமிடம் நின்றாய். நினைவுபடுத்துகிறேன். சுற்றிலும் இரும்புச் சுவர், வங்கிப் பெட்டகம் மாதிரி கதவு. உள்ளே போன் எடுக்காது. சுவரெல்லாம் ஈரம், தாள் கொண்டுபோனால் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். அதனால் ஒரு பிளாஸ்டிக் அட்டை வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு உள்ளே போய், கையுறையோடு, மெழுகுப் பென்சிலால் ஒவ்வொரு தட்டின் எண்ணையும் அதில் எழுதுவேன். பதினொரு மணிக்கு வெளியே வந்து, வராந்தாவில் போனை எடுத்து, அட்டையைப் பார்த்து மளமளவென்று ஏற்றுவேன். அதுதான் உன் பதினொரு நிமிடம். உன் சங்கிலி குறித்து வைப்பது நான் எழுதிய நேரத்தை. எண்ணிய நேரத்தை இல்லை. இது ஒரு பெரிய ரகசியமா?

உள்ளே ஒரு இணைப்பு போட்டுத் தரச் சொல்லி நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு உன் கையெழுத்தில் வந்த பதில் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. ‘பரிசீலிக்கப்படும்.’ ஒன்றரை வருடமாகப் பரிசீலிக்கிறாய்.

அட்டையைக் கேட்பாய். அதைத் தினமும் சாயங்காலம் துடைத்துவிட்டுத்தான் மறுநாள் எழுதுகிறேன். துடைக்க முடிந்த ஒரே சாமான் அதுதான், அதைப் போய்த் துடைத்துத் தொலைத்திருக்கிறேன்.

அக்டோபர் பதினான்கைப் பற்றி என்னிடம் பேசாதே. நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

மூத்த சகலை


பிப்ரவரி 18

மூத்த சகலை அவர்களுக்கு,

ஏன் பேசக் கூடாது? அதைத்தான் பேசப்போகிறேன். விசாரணைக் குழுவிலும் பேசப்போகிறேன்.

உங்கள் அட்டைக் கதையில் சாட்சி இல்லை. துடைத்துவிட்டேன் என்று எவரும் சொல்லலாம். ஆனால் அக்டோபர் 14 என் கண்ணால் பார்த்தது. அன்றைக்குத்தான் நான்கு நிலையங்களின் பெரியவர்கள் முந்நூறு பேர் முன்னால் இந்தச் சங்கிலியை நான் ஓடவிட்டுக் காட்டினேன். பெரிய திரையில் உங்கள் பதிவுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. “இதோ, இந்த நிமிஷம், எங்கேயோ ஒரு அறையில ஒருத்தர் விதையை எண்ணிக்கிட்டிருக்கார். அவர் எண்ணினது அப்படியே நம்ம கண்ணு முன்னால வருது” என்று சொன்னேன். கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய நாள் அது. அந்த ஒரு நாள் முடிந்தது, மற்ற எண்பத்தொன்பது நாள் ஏன் முடியவில்லை? குழு இதைத்தான் கேட்கும்.

இன்னொரு விஷயம். என் மனைவி நேற்று பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். காரணம் கேட்டதற்கு, “அத்தானைப் போய்க் கேளுங்க” என்கிறாள். அவள் மனதில் என்ன போட்டுக் கலக்கினீர்கள்? என் மேல் கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் புகுந்து குழப்பாதீர்கள்.

இளைய சகலை


பிப்ரவரி 23

சகலைக்கு,

சின்னவள் வந்து சேர்ந்தாள். உன் கடைசிக் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, “இனிமே மறைக்க வேணாம் அத்தான், சொல்லிடுங்க” என்றாள். நாலு மாதமாக வாயைக் கட்டி வைத்திருந்தேன். இப்போது கேள்.

அக்டோபர் பதினான்கு உன் மனைவிக்கு ஆபரேஷன். கர்ப்பப்பைக் கட்டி, ஒரு மணி நேர வேலை, அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அவளை எங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டு நீ மேடை ஏறினாய். அக்கா பார்த்துக்கொள்ளவில்லை. பெரியவளுக்கு அன்று காலை நூற்று மூன்று காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் கூடப் போனேன். உள்ளே போவதற்கு முன்னால் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா வரலைன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. மேடையில தடுமாறிடுவார்” என்றாள். அந்த நிலைமையிலும் உன் மேடை அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. ரத்தம் நிற்கவில்லை. என் ரத்தம் பொருந்தியது, கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி பத்தே முக்கால். அப்போதுதான் நீ இரண்டு நாள் முன்னால் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் ஒண்ணொண்ணா வந்துகிட்டே இருக்கணும் சகலை. எப்பவும் போல மொத்தமா கொட்டிடாதீங்க. திரையில காட்டப்போறேன், மானம் போயிடும்.”

எப்பவும் போல மொத்தமாக! நான் மொத்தமாக ஏற்றுகிறவன் என்பது அன்றைக்கு உனக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பதும் தெரிந்திருந்தது. மேடைக்கு வேண்டும் என்றபோது தெரிந்தது, புரோகிராம் எழுதும்போது மறந்துபோச்சா?

நான் முளைப்பறைக்குப் போகவில்லை. போக முடியாது. உன் மானம் போகக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான் அன்றைக்கு என் புத்தி. முந்தின நாள் எண்கள் போனில் இருந்தன. ஒன்று இரண்டு கூட்டிக் கூட்டி, மணியைப் பார்த்துப் பார்த்து, ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒன்றாக ஏற்றினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சிக்னல் பிரமாதமாக இருந்தது. உண்மையாக எண்ணினால் மூன்று மணி நேரம் ஆகும். பொய்க்கு இரண்டு மணி போதும். நீ முந்நூறு பேருக்குக் காட்டிய ‘எங்கேயோ ஒரு அறை’ அந்த வராந்தாதான். கதவுக்கு அந்தப் பக்கம் உன் மனைவி.

மறுநாள் நிஜமாக எண்ணினேன். பதினேழு தட்டில் நான் கூட்டிப் போட்டதைவிடக் குறைவாக இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதையும் உன் புரோகிராம் சிவப்பாக்கியது.

பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. அந்த ஒன்றுக்குத்தான் உன் இயந்திரம் பச்சை கொடுத்தது.

சாட்சி கேட்டாய் அல்லவா, இருக்கிறது. முளைப்பறைச் சுவரில் வெப்பநிலையைத் தாள் சுருளில் கோடு போடும் பழைய கருவி ஒன்று உண்டு. பேனா முனை வைத்தது. அதைக் கழற்றச் சொல்லி நீ கடிதம் போட்டாய், நான் கழற்றவில்லை. நான் உள்ளே இருந்தால் என் உடம்புச் சூட்டில் கோடு மேட்டுப்படும். எண்பத்தொன்பது நாளும் எட்டிலிருந்து பதினொன்று வரை மேடு இருக்கிறது. ஒரு நாள் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு.

என்னைக் காப்பாற்றுகிற தாளும் அதுதான், மாட்டிவிடுகிற தாளும் அதுதான். பத்தாம் தேதி அதைக் கொண்டுபோகிறேன்.

மூத்த சகலை


பிப்ரவரி 28

மூத்த சகலை அவர்களுக்கு,

மூன்று தாளைக் கிழித்தாயிற்று. நான்காவதில் எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாது. ரத்தம் கொடுத்தது, மூன்று மணி நேரம், எதுவும் எனக்குத் தெரியாது. ‘எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது’ என்று ஒரு வரிதான் வந்தது. அதை மேடைக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சின்னவள் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

போனில் நான் அப்படிச் சொன்னது உண்மைதான். மறந்துவிட்டேன் என்று எழுதினால் நம்புவீர்களா? புரோகிராம் எழுதியபோது உங்களை நினைக்கவில்லை. நேர இடைவெளியைத்தான் நினைத்தேன்.

இப்போது ஒன்று கேட்கப்போகிறேன். கோபப்படாமல் படியுங்கள். எண்பத்தொன்பது நாளுக்கும் சுருள் போதுமான சாட்சி. அந்த ஒரு நாள் யாருக்கும் வேண்டியதில்லை. சுருளில் ஒரு நாள் என்பது இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அந்த இடத்தில் தாள் நைந்துவிட்டது, மை தீர்ந்துவிட்டது என்று ஏதாவது சொல்லலாம். கத்தரித்து ஒட்டினால் தெரியாது. அந்த நாள் ஏற்கெனவே பச்சையில் இருக்கிறது, யாரும் கிளற மாட்டார்கள். உங்கள் வேலை திரும்பக் கிடைக்கும். அன்றைக்கு மேடையில் காட்டியது பொய் என்று வெளியே வந்தால் சங்கிலி போகும், எட்டு வருட உழைப்பு போகும். இரண்டு பேருக்கும் நல்லது என்பதால்தான் சொல்கிறேன்.

யோசியுங்கள்.

இளைய சகலை


மார்ச் 4

சகலைக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் சத்தம் போட்டுப் படித்தேன். பெரியவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சின்னவள் சிரித்தாள். சிரித்தால் தையல் போட்ட இடம் இன்னும் பிடிக்கிறதாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைக் கழுவப் போனாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

கத்தரிக்கோலா? நீயா கேட்கிறாய்? ரப்பரால் அழித்தவனைப் பற்றி எனக்கு நீட்டி முழக்கினாயே, அவன் பாவம், வெறும் ரப்பரோடு நின்றுவிட்டான். ஒரு எழுத்தைக்கூட எவனும் தொடக் கூடாது என்று நான்கு ஊரில் பூட்டுப் போட்ட மனுஷன், எனக்குத் தபாலில் எழுதுகிறான், இரண்டு விரல் அகலம் வெட்டு என்று.

நன்றாகக் கேட்டுக்கொள். அந்த விதைகள் மழை பொய்க்கிற இடங்களில் நடுவதற்கு. எது எப்போது முளைக்கும் என்று என் எண்ணைப் பார்த்துத்தான் நடுவார்கள். அந்தப் பதினான்காம் தேதிப் பொய்யை நம்பி எவனாவது நட்டு, அது பட்டுப்போனால், அதற்கு நான்தான் பொறுப்பு. உனக்காகச் செய்தேன் என்று அவனிடம் போய்ச் சொல்ல முடியாது. நாலு மாதமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. உன் சிவப்பைவிட அந்தப் பச்சைதான் என்னைத் தின்கிறது.

சுருளை முழுசாகக் கொடுக்கப்போகிறேன். நீ குழுவில் எதிரே உட்கார்ந்திருப்பாய். என்னைப் பார்க்காதே, அது போதும்.

மூத்த சகலை


மார்ச் 13

சகலை அவர்களுக்கு,

பார்க்காதே என்றீர்கள். பார்க்கவில்லை. முழு நேரமும் என் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சுருளை அந்த நீள மேஜையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரித்தீர்கள். தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு மேடாக விரல் வைத்துப் போனார். அந்த இடம் வந்ததும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே, “இது பொய்யிங்க, அன்னிக்கு நான் எண்ணலை” என்றீர்கள். ஏன் என்று கேட்டார். குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னீர்கள். அந்த நேரத்தில் பதிவு வேண்டும் என்று யாராவது கேட்டார்களா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றீர்கள். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

எண்பத்தொன்பது நாள் உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நாளுக்காக, சங்கிலியில் பதிவு ஏற்றுவதற்கான உங்கள் சாவியை இரண்டு வருடம் பிடுங்கிவிட்டார்கள். நீங்கள் எண்ண வேண்டும், இன்னொருவர் தன் சாவியால் திறந்து ஏற்ற வேண்டும். பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவருக்கு இது என்ன அவமானம் என்று எனக்குப் புரிகிறது. புரிகிறது என்று எழுதவே கூசுகிறது.

நேற்று ஒரு காரியம் செய்தேன். அக்டோபர் 14 பதிவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் பெயரில், என் சாவியில், ஒரு திருத்தம் ஏற்றினேன். ‘இந்த எண் எண்ணப்படாதது. மேடையில் காட்டுவதற்காக இந்த நேரத்தில் பதிவு வேண்டும் என்று கேட்டவன் நான். பதிவு செய்தவர் அப்போது ஆஸ்பத்திரியில், என் மனைவிக்காக, நான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார்.’ தப்பான பதிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திருத்த வேண்டும் என்பது நான் போட்ட விதி. தொண்ணூற்றாறு முறை ஏற்றினேன். வாசகம் ஒன்றுதானே, மளமளவென்று முடிந்தது.

பத்து நிமிடத்தில் என் புரோகிராம் என்னைப் பிடித்துவிட்டது. ‘சந்தேகத்துக்குரியது. ஒரு மனிதரால் இந்த வேகத்தில் இயலாது.’ தொண்ணூற்றாறு சிவப்பு, என் பெயருக்குக் கீழே. நான்கு நிலையத்திலும் ஏறிவிட்டது. இயக்குநர் போன் செய்து அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொன்னேன்.

இளைய சகலை


மார்ச் 18

சகலைக்கு,

இன்று என் பதிவுகளை ஏற்றுகிற பெண் உன் சிவப்பையெல்லாம் திரையில் காட்டினாள். எண்ணிப் பார்த்தேன், பழக்க தோஷம். என்னைவிட ஏழு கூடுதலாக வாங்கியிருக்கிறாய். எதிலும் முதலில் வந்துதானே உனக்குப் பழக்கம்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகும் என்று காத்திருக்காதே. குழுவில் உன் பெயரைச் சொல்லாதது உனக்காக இல்லை. சொல்ல வேண்டியவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்தச் சோதனையை முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். மறுபடி தொண்ணூறு நாள். முளைப்பறைக்குள் இணைப்பு வேண்டும் என்று மறுபடி விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். இந்த முறையும் பரிசீலித்தால் நேரில் வந்து உதைப்பேன்.

நீ சங்கிலியில் எழுதியதைச் சின்னவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு தடவை போதும் என்றாள், மிச்சம் தொண்ணூற்றைந்தைக் கேட்கவில்லை. பிறகு, “ஊருக்கெல்லாம் எழுதியிருக்கார், எனக்கு ஒரு வார்த்தை எழுதலையே” என்றாள். எனக்கு எழுதியிருக்கிறாய், இயந்திரத்துக்கு எழுதியிருக்கிறாய், அவளுக்கு இன்றுவரை ஒரு வரி வரவில்லை. தபாலில் போடாதே, வந்து சொல்.

காலை வண்டியில் ஏறினால் சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கலாம். ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன். அவள்தான் வருவேன் என்கிறாள்.

மூத்த சகலை